பத்தொன்பது நொடி யாருடையது?

பெரிய செய்தி, இந்த ஈமெயில் குழுவில் இருக்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: கார் திருட்டைத் தடுக்கிற எலக்ட்ரானிக் பூட்டுக்கு என் மகன் பெயரைப் போட்டு பேட்டன்ட் வரப்போகிறது, அரசு கெஜட்டிலேயே அச்சாகிவிட்டது, அதை எதிர்த்து முதல் ஆளாக மனுப் போடப்போவது அவனைப் பெற்ற நான்தான்!

கண்ணா, இனி உன்னிடம்தான் பேசுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து கேட்கட்டும். தனியாகப் பேசிப் பார்த்தாயிற்று. முதல் ஈமெயிலுக்கு, ஆபீஸ் முகவரிக்கு இதையெல்லாம் அனுப்பாதே என்று இரண்டு வரி எழுதினாய். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது தடவை போன் செய்தபோது நீ சொன்னதை அப்புறம் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் கீபோர்டில் தப்புத் தப்பாக அடிப்பேன். அடுத்த மாதம் கம்பெனி உன்னை ஜெர்மனிக்கு அனுப்புகிறது. விமானம் ஏறிவிட்டால் அம்மா ஆறிவிடுவாள் என்று நினைத்திருக்கிறாய். ஆற மாட்டேன். இந்தக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதே நீதான். இன்டர்நெட்டில் தமிழிலேயே எழுதுகிறார்கள் அம்மா என்று எழுத்துருவை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து, ப்ரௌசிங் சென்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாய். திரையில் தமிழ் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைப் பையன்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இங்கே வருகிற ஒரு மடலைக்கூட நீ விடாமல் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்றவர்களுக்குக் கதை தெரியாதே, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் பழனிசாமிக்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி. ஒன்பதாவது வரை படிப்பு. ஒயரிங், டைனமோ, ஹாரன், எது கெட்டாலும் சரி செய்வார். என்னை அக்கா என்பார், அதனால் உனக்கு மாமா. நம் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளிக் கடை. கடைக்கு வருகிற இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்லவும், பதில் டைப் அடிக்கவும்தான் நான் முதலில் போனேன். போன இடத்தில் சால்டரிங் பிடிக்கக் கற்றேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு சிப்பும் பாதி கிழிந்த புத்தகமும் வாங்கிவந்து, அந்த சிப்புக்கு ப்ரோகிராம் எழுதக் கற்றேன். எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. புத்தகத்தில் கிழிந்துபோயிருந்த பக்கங்களை நானும் பழனியும் சிப்பை எரித்து எரித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஐந்து சிப் எரிந்த பிறகு ஆறாவதில் ஒரு விளக்கு நான் சொன்னபடி மினுக்கியது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்போது டாக்ஸிக்காரர்கள் புதிதாக ரிமோட் பூட்டு மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பூட்டுக்கு எப்போதும் ஒரே எண்தான். காற்றில் போகிற அந்த எண்ணை ஒருவன் பிடித்து வைத்துக்கொண்டால் வண்டி அவனுடையது. பழனி அதைக் கடைக்கு வந்த ஒரு வேனிலேயே செய்து காட்டினார். “பாருங்கக்கா, தெனமும் ஒரே கேள்வி, ஒரே பதிலு. இந்தப் பரீட்சையில யாருங்க பெயிலாவாங்க?” என்றார். அவர் யோசித்த பூட்டில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, டிரைவர் பாக்கெட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு பிளக். சாவியைத் திருப்பி பிளக்கைச் செருகினால் பெட்டி ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணைக் கேள்வியாக அனுப்பும். பிளக் அதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்குக் கரண்ட் போகும். இந்தக் கேள்வி பதில் வெளிநாட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று பின்னால் நெட்டில் தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் பழனி இன்னொன்று செய்தார். நம் டிரைவர்கள் சாவியை ஆன் செய்து, பாட்டுப் போட்டுவிட்டு, பிளக்கை மட்டும் பிடுங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். பெட்டி அப்போதும் பழைய பதிலை நம்பிக்கொண்டே இருக்கும். எவன் வேண்டுமானாலும் ஸ்டார்ட் செய்து போகலாம். அதனால் பதில் வந்து கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடாவிட்டால் பெட்டி அதை மறந்துவிட வேண்டும், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால்தான் புதிதாகக் கேட்க வேண்டும் என்றார். ஐந்து நொடி என்று வைத்தோம்.

முதல் பெட்டி, ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டு சிவண்ணாவின் அம்பாசடரில் மாட்டியது. மாட்டிய மூன்று நாளும் காலை முதல் சவாரிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்றாம் நாள் சவாரிக்காரர் பெட்டி படுக்கையோடு இறங்கி ஆட்டோவில் போய்விட்டார். சிவண்ணா கடை வாசலில் வந்து நின்று, கன்னடத்தில், “ஏன்ரீ, தேவரிகெ கை முகியோக்கூ டைம் கொடல்வா?” என்று கேட்டார். சாமி கும்பிடக்கூட நேரம் கொடுக்காதா உங்கள் பெட்டி என்கிறார். விஷயம் இதுதான். அவர் சாவியைத் திருப்பி பிளக்கைச் செருகியதும் டேஷ்போர்டில் சாமுண்டியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். அதைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடி முணுமுணுத்து, ஸ்டீயரிங்கைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்வார். அதற்குள் பெட்டி எல்லாவற்றையும் மறந்திருக்கும், பிளக்கை மறுபடி செருகினால் அவரும் மறுபடி கும்பிடுவார்.

பழனி அவரிடம் பூஜையைச் சுருக்கச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தோடு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆள் பார்க்கிறார் என்றதும் சிவண்ணா பன்னிரண்டு நொடியில் கும்பிட்டு முடித்துவிட்டார். பழனி அந்தக் கணக்கை நம்பவில்லை. கடிகாரம் இருப்பதையே அவர் மறக்கும்வரை மூன்று நாள் காலையில் அவரோடு ஸ்டேஷனுக்குப் போனார். அந்த மூன்று நாளும் பின்சீட்டில் யார் உட்கார்ந்திருந்தது? நீ. காலேஜ் வரை சும்மா போகலாம் என்று ஏறிக்கொண்டாய். மாமா சாமியைப் பார்க்காமல் வாட்சையே பார்க்கிறார் என்று வீட்டில் வந்து நடித்துக் காட்டி, உன் அப்பாவைச் சிரிக்க வைத்தாய். மூன்றாம் நாள் பதினேழு நொடி. நடுவில் இருமல் வந்தால் என்ன செய்வது என்று பழனி இரண்டு நொடி சேர்த்தார். வேலை அட்டையில் தேதி போட்டுத் தமிழில் எழுதினார்: சிவண்ணா வண்டி, கும்பிட 17, வைத்தது 19. நான் ப்ரோகிராமில் ஐந்தை அழித்துப் பத்தொன்பது போட்டேன். அதற்கப்புறம் மாட்டிய அத்தனை பெட்டியிலும் அதே பத்தொன்பதுதான், ஏனென்றால் இந்த ஊரில் கும்பிடாமல் வண்டி எடுக்கிற டிரைவரை நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்ட வந்தவள் இதை மட்டும் மறைத்தால் நன்றாக இருக்காது. கடைசி வருடம் உன் ப்ராஜெக்ட் படுத்துவிட்டது. தேதி நெருங்கியது, நீ சாப்பிடாமல் சுற்றினாய். நம் பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னது நான். பழனி, “எடுத்துட்டுப் போ மாப்ள, உனக்கில்லாததா?” என்று சர்க்யூட்டைத் தானே பெரிதாக வரைந்து கொடுத்தார். ப்ராஜெக்ட் பரீட்சை அன்று பெட்டி தகராறு செய்தால் உதவலாம் என்று கடையைப் பூட்டிவிட்டு உன் காலேஜ் கேட்டில் மத்தியானம்வரை நின்றார். ரிப்போர்ட்டை நான்தான் டைப் அடித்தேன். நீ கையால் எழுதித் தந்த தாளில், நன்றி சொல்லும் பக்கத்தில், இந்தக் கருவியை உருவாக்கிய பழனிசாமி மாமாவுக்கு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் டைப் அடிக்கவில்லை. கடையில் செய்து வாங்கியது என்று வாத்தியார்கள் நினைத்துவிடுவார்கள், மார்க் போய்விடும் என்று பயந்தேன். நீ கேட்டாய். “மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டார்டா, நம்ம மாமாதானே” என்றேன். நம்மவர் என்பதற்காகவே ஒருவர் பெயரை விட்டுவிடலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இன்றைக்கு உன் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே விழுகிறது. மீதிப் பாதி உனக்குத்தான், தப்பிக்கலாம் என்று பார்க்காதே.

இரண்டு மாதம் முன்னால் பழனிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நீ படித்து முடித்துச் சேர்ந்த பெங்களூர்க் கம்பெனியின் வக்கீல் அனுப்பியது. இங்கிலீஷில் இருந்ததால் வழக்கம்போல என்னிடம் கொண்டுவந்தார். நின்றபடியே படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வாகனப் பாதுகாப்புப் பூட்டு ஒன்று எங்கள் கம்பெனியின் கண்டுபிடிப்பு, அதை நீங்கள் காப்பியடித்துச் செய்து மாட்டுகிறீர்கள், உடனே நிறுத்தாவிட்டால் பேட்டன்ட் கைக்கு வந்ததும் கோர்ட்டுக்குப் போவோம். கண்டுபிடித்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் அந்த வரியை எனக்குள் மறுபடி படித்தேன். “யாரு பேருங்கக்கா போட்டிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். தாளை வாங்கி மடித்தார். அப்புறம், “மாப்ள பேருல வந்தா நம்மூட்டுப் பேருதானுங்கக்கா. வுட்டுருங்க” என்றார். அடுத்த நாள் கடைக்குப் போனேன். பூட்டு மாட்டித் தரப்படும் என்று அவர் கையாலேயே எழுதி வைத்திருந்த பலகையைக் காணோம். ஸ்டாண்டில் விஷயம் பரவி, மூன்று பேர் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திருட்டு டிசைனாமே, நமக்கு எதற்கு வம்பு என்றார்களாம். தன் தலையில் உதித்த ஒன்றுக்காக அந்த மனிதர் திருடன் பேர் வாங்கிக்கொண்டு, உன்னைத் திட்டாமல், ஹாரன் ஒயரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

கெஜட்டில் வந்த விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் சென்னையில் இருக்கிற பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போய்ப் படிக்கலாம், சட்டம் அப்படி. காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் சாத்தும்வரை படித்தேன். உன் விண்ணப்பத்தை வரி வரியாக நானே பரிசீலித்தேன் கண்ணா, அதற்குச் சம்பளம் வாங்குகிற அதிகாரிகூட அவ்வளவு கோபத்தோடு படித்திருக்க மாட்டார். அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கு முன்னால் இப்படி ஒன்று உண்டா என்று அவர் தேடுவது பழைய விண்ணப்பங்களிலும் புத்தகங்களிலும். சிவண்ணாவின் அம்பாசடர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கேள்வி பதில் முறை ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று விண்ணப்பமே ஒத்துக்கொள்கிறது. எங்களுடைய புதுமை, பெட்டி பதிலை மறப்பதுதான் என்கிறது. பழனியுடைய மறதியை எடுத்து உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, படிப்போம் என்று பக்கத்தைத் திருப்பினால், ஆய்வுக்கூடத்தில் பலகட்டச் சோதனைகள் நடத்தியதில் பத்தொன்பது நொடியே மிகவும் உகந்தது என்று தெரியவந்தது என்று இருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த ஆய்வுக்கூடம்? எத்தனை கட்டம்? பதினெட்டு ஏன் ஆகவில்லை, இருபதுக்கு என்ன குறை? உன் கம்பெனியில் ஒருவராவது இதைக் கேட்டார்களா, இல்லை, நீதான் ஏதாவது சொல்லிச் சமாளித்தாயா? ஆய்வுக்கூடத்தில் சாமுண்டியம்மன் படம் மாட்டியிருந்ததா?

கடைசித் தாளில் உறுதிமொழி. இதன் உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் நான்தான் என்று அச்சடித்திருந்தது, கீழே உன் கையெழுத்து. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது நான் டைப் அடித்து வீணாகப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் நீ போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கம்பெனி எழுதிக் கொடுத்தது, நான் போட்டேன் என்று நீ சொல்லலாம். இன்னும் எத்தனையோ தாள்கள் உன் முன்னால் வரும், ஜெர்மனியில் வேறு பாஷையில் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தடவை படி. உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் நான்தான் என்பதை உன் பழனி மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் பேனாவை மூடு.

இப்போது நீ போனில் சொன்னது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன், நீ அமைதியாகத்தான் பேசினாய். “அம்மா, ஐடியா யாருக்கு வேணா வரும். அதை டாக்குமென்ட் பண்றவனுக்குத்தான் அது சொந்தம். காலேஜ் லைப்ரரில இருக்கற ரிப்போர்ட்ல யார் பேர் இருக்கு? என் பேர். டைப் பண்ணது யாரு?” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். டைப் அடித்தது நான்தான். அதனால்தான் எனக்குத் தெரியும், அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி குறைகிறது என்று. எழுதி வைத்தவனுக்குத்தான் சொந்தம் என்றால், ரிப்போர்ட்டுக்கு ஏழு மாதம் முன்னால் தேதி போட்டு எழுதிய வேலை அட்டை பழனியின் கடையில் கம்பியில் குத்தித் தொங்குகிறது. தமிழில், பென்சிலில், கிரீஸ் கறையோடு எழுதினால் அது டாக்குமென்ட் ஆகாதா?

உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து இதையெல்லாம் கேட்டார். “அவன் வேலை போயிடும்டி” என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பயம் இல்லை என்று நினைக்காதே. விண்ணப்பம் செய்த கம்பெனியை அதே விண்ணப்பத்தில் பெயர் இருக்கிறவனின் அம்மா எதிர்த்தால் உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெர்மனி போகாமல் போகலாம். நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். அதையெல்லாம் யோசித்துத்தான் மனுவை எழுதினேன். உனக்கு வேறு வேலை கிடைக்கும், கெட்டிக்காரன். இந்தப் பூட்டு கையைவிட்டுப் போனால் பழனி தன் சொந்தப் பூட்டை இன்னொரு வண்டியில் மாட்ட உன் கம்பெனியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். பேட்டன்டுக்கு முத்திரை குத்துவதற்கு முன்னால் இதைத் தடுக்காவிட்டால், அந்த உறுதிமொழிதான் உண்மை என்று அரசாங்கத் தாளில் நின்றுவிடும். பழனி உனக்கு எதிராகக் கையெழுத்துப் போட மாட்டாராம். “கடைக்கு வர்றவங்கள வராதீங்கன்னு சொல்ல மாட்டனுங்கக்கா, அவ்வளவுதான்” என்றார். எனக்கு அது போதும். ப்ரோகிராம் எழுதியவள் நான், எதிர்க்க எனக்கு உரிமை உண்டு. என் பெயரிலேயே போடுகிறேன்.

இப்போது எல்லோருக்கும். கெஜட்டில் வந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனுப் போக வேண்டும், இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்தப் பூட்டு ஊரறிய ஓடிக்கொண்டிருந்தது என்று நிரூபித்தால் பேட்டன்ட் நிற்காது. அதற்கு ஆட்கள் வேண்டும். மைசூர், சாமராஜநகர், கொள்ளேகால் பக்கம் யாருக்காவது மூன்று வருடத்துக்கு மேல் பழைய கறுப்பு பிளக் பூட்டு உள்ள வண்டி இருந்தால், அல்லது அப்படி ஒரு வண்டியை நீங்கள் கைமாற்றி விற்றிருந்தால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு பன்னிமண்டபம் பழனிசாமி கடைக்கு ஆர்.சி. புத்தகத்தோடு வாருங்கள். கழற்றிக் கொடுத்தவர்களும் வாருங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். சிவண்ணா வருகிறார், ஸ்டாண்டிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வாக்குமூலங்களுக்கு முத்திரை வைக்க நோட்டரி ஒருவர் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார். பேட்டன்ட் சட்டம் தெரிந்த வக்கீல் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் என் மனுவை ஒரு தடவை படித்துப் பாருங்கள், நான் புத்தகம் பார்த்து எழுதியது. வெளியூரில் இருப்பவர்கள் இந்த மடலை மைசூரில் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஈமெயில் இல்லாதவர்களுக்குப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒட்டுங்கள்.

கண்ணா, உனக்கும் ஒரு தாள் டைப் அடித்து வைத்திருக்கிறேன். உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் பழனிசாமி என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பெங்களூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்கு வந்துவிடலாம். வருகிறவர்கள் எல்லோரும் இந்த மடலுக்குக் கீழே ஒரு வரி பதில் போடுங்கள், எத்தனை நாற்காலி வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீயும் போடு. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ, இங்கேயே, எல்லோரும் படிக்கும்படி, உன் பெயரைப் போட்டு எழுது.